ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிகிற எண்கள்

பொய்யாக எழுதிய எண்ணை யாரும் எனக்குக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. அது தானே பல்லைக் காட்டிவிடும். மின்சார அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எனக்கு அதுதான் வேலை. மீட்டர் பார்க்கிறவர்கள் வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வருகிற எண்களில் பத்துக்கு ஒன்றை நான் பின்னாலேயே போய்ச் சரிபார்க்க வேண்டும். எந்த எண் மாடி ஏறி, பெட்டியைத் திறந்து, ஒட்டடையை விலக்கிப் பார்த்து எழுதியது, எந்த எண் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது என்று நோட்டைப் பிரித்ததுமே சொல்லிவிடுவேன். மனிதன் மனத்திலிருந்து எடுக்கிற எண் பெரும்பாலும் ஐந்தில் முடியும், இல்லையென்றால் பூஜ்யத்தில் முடியும். நிஜம் அவ்வளவு ஒழுங்காக வராது. "இன்னொரு தரம் போய்ப் பார்த்துட்டு வா" என்று நோட்டைத் திருப்பித் திருப்பிக் கொடுத்து, அலுவலகத்தில் என் பெயரே 'இன்னொருதரம்' ஆகிவிட்டது. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். என் காது நன்றாகவே வேலை செய்கிறது.

அப்பேர்ப்பட்டவனிடம் உனக்குச் சர்க்கரை வியாதி என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினால் நம்பிவிடுவானா? அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு இருநூற்றுப் பதினான்கு என்று வந்தது. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வேறொரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அதற்கடுத்த நாள் மூன்றாவது இடம். இருநூற்று இருபத்தொன்று. மூன்று சீட்டையும் கொண்டுபோய் டாக்டரின் மேஜையில் வரிசையாக வைத்தேன்.

"மூணுல ரெண்டு பேராவது பொய் சொல்றாங்க. யாருன்னு நீங்கதான் சொல்லணும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மூணு பேரும் உண்மைதாங்க சொல்றாங்க. சர்க்கரை மணிக்கு மணி மாறும். உங்களுக்கு மாத்திரையோட ஒரு வகுப்பும் தேவைப்படுது. சனிக்கிழமை சிஸ்டர் நோயாளிங்களுக்குப் பாடம் எடுக்கிறாங்க. போய் உக்காருங்க. இந்தக் கேள்வியெல்லாம் அவங்ககிட்ட கேளுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. இதே டாக்டர்தான். "அந்த சிஸ்டர் பாவம்" என்றாள்.

கிளினிக்கின் பின்னறையில் ஆறு நாற்காலி, ஓர் எடை மிஷின், சுவரில் பாதத்தின் படம். சிஸ்டர் ஒல்லியாக இருந்தார். பாடம் சொல்வதே திட்டுவதைப் போல இருக்கும். எனக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரிக்காரர். நாள் முழுக்க கேக்குக்கு நடுவில் நின்றுகொண்டு கேக்கைத் தொடாமல் வாழ்வது எப்படி என்பது அவருடைய ஒரே கேள்வி. என் கேள்விகள் அப்படி இல்லை. விரலில் குத்தும்போது நடுவில் குத்தாமல் ஓரத்தில் ஏன் குத்த வேண்டும்? நடுவில் வலி அதிகம். கையை ஏன் கழுவ வேண்டும்? பழம் தொட்ட விரலாக இருந்தால் அந்தச் சர்க்கரையும் கணக்கில் சேர்ந்துவிடும். சொட்டு ரத்தத்தைத் தொடுகிற அந்தப் பட்டை கெட்டுப்போயிருந்தால் எப்படித் தெரியும்? டப்பாவில் தேதி இருக்கும். தேதியைத் தப்பாகப் போட்டிருந்தால்?

"ஐயா, நீங்க நோயாளியா, விசாரணைக் கமிஷனா?" என்றார் சிஸ்டர்.

ஆனால் அவர் சொன்ன ஒன்று எனக்கு அப்படியே பிடித்துவிட்டது. ரத்தத்தில் ஓடுகிற சிவப்பு அணுக்கள் மூன்று நான்கு மாதம் உயிரோடு இருக்குமாம். சர்க்கரை அதில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். முந்தின நாள் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்ற முடியாது. "நோட்டுல பொய் எழுதலாம். ரத்தத்துல எழுத முடியாது" என்றார். இருபத்திரண்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த மீட்டர் அதுதான். நோட்டில் எழுதி இரண்டு தரம் அடிக்கோடு போட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். சர்க்கரை கூடிக்கிடந்தால் கண், கிட்னி, கால் மூன்றும் போகும். எதுவும் வலிக்காமல் போகும். "கண்ணு முன்னாடி கறுப்பு நூல் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ நாளைக்குன்னு தள்ளாதீங்க. அன்னைக்கே ஓடுங்க." அதையும் எழுதிக்கொண்டேன். அடிக்கோடு போடவில்லை. எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம் நானும் மனைவியும் ஒன்றாக டாக்டரிடம் போனோம். என்னுடையது முடிந்தது. வீட்டில் தினமும் விரலில் குத்திச் சர்க்கரை எழுதி வைக்கிற அவளுடைய நோட்டை டாக்டர் புரட்டினார். நல்ல எண்கள். பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. பிறகு அவளுடைய சராசரிப் பரிசோதனைச் சீட்டைப் பிரித்தார். ஏழுக்குள் இருக்க வேண்டியது பதினொன்று புள்ளி மூன்று. டாக்டர் நோட்டையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல ஒண்ணு பொய் சொல்லுதும்மா."

"சர்க்கரை பார்க்கிற மிஷின் பழசு டாக்டர்" என்றாள்.

"நோட்டைப் பார்த்துத்தான் நான் மருந்து எழுதுறேன். நோட்டு தப்புன்னா என் மருந்தும் தப்பு. இப்படியே இன்னும் ஆறு மாசம் போச்சுன்னா எது முதல்ல போகும்ங்கறதுதான் கேள்வி. கண் டாக்டரைப் பார்த்தீங்களா?"

"அடுத்த மாசம் போறேன்."

"போன தடவையும் அடுத்த மாசம்னுதான் சொன்னீங்க."

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். கண் பற்றிய பேச்சு என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. என் பார்வை நோட்டின் மேல் இருந்தது. நூற்றுப் பதினைந்து. நூற்று இருபது. நூற்றுப் பத்து. நூற்று இருபத்தைந்து. மூன்று மாதத்து எண்கள், ஒன்று விடாமல் ஐந்து, பூஜ்யம், ஐந்து, பூஜ்யம். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், என் மூக்குக்குக் கீழே, ஒருத்தி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

எனக்கு அவள் மேல் கோபமா, பயமா என்று கேட்டால் பயம்தான். எது முதலில் போகும் என்று டாக்டர் கேட்டாரே. ஆனால் பயத்தைக் கோபமாகக் காட்டித்தான் எனக்குப் பழக்கம். வழி முழுக்க நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பேசாமல் வருகிறவள் எதையோ மறைக்கிறாள் என்று ஒரு குறிப்பு மனத்தில் ஏற்றிக்கொண்டேன்.

திருட்டுத்தனமாகத் தின்கிறாள். இதுதான் என் முடிவு. நெருப்பில்லாமல் புகையுமா? அன்று முதல் பிஸ்கட் டப்பாவை எண்ண ஆரம்பித்தேன். காலையில் பதினாறு இருந்தால் மாலையிலும் பதினாறு இருந்தது. சர்க்கரை ஜாடியின் வெளிப்பக்கம் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைத்தேன். அளவு இறங்கவில்லை. அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன். ஒரு மிட்டாய்க் காகிதம் சிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், "எங்க வீட்டம்மா அங்க வந்து டீ கீ குடிக்கிறதுண்டா?" என்று சும்மா கேட்பதைப் போலக் கேட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாங்க. போய் வேலையைப் பாருங்க" என்றாள்.

சரி, குத்திக்கொள்ளாமலே எழுதுகிறாளா? அதையும் பார்த்தேன். பட்டை டப்பாவில் எண்ணிக்கை தினமும் ஒன்று குறைந்தது. குப்பைக் கூடையில் ரத்தம் தொட்ட பட்டை தினமும் ஒன்று விழுந்தது. விரல் நுனிகளில் புள்ளி புள்ளியாகத் தழும்பு. அப்படியென்றால் மீட்டர் பெட்டி வரைக்கும் போகிறாள், பெட்டியைத் திறக்கிறாள், பிறகு பொய் எழுதுகிறாள். என் அனுபவத்தில் இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை. மாடி ஏறினவன் எதற்குப் பொய் எழுத வேண்டும்?

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் கண்ணில் படுவதெல்லாம் சாட்சிதான். அவள் குத்திக்கொள்ளும்போது எனக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் பார்க்கக் கூடாது என்று திரும்புகிறாள். நோட்டில் எழுத்து கோட்டை விட்டு ஏறி இறங்கிக் கிடந்தது. பொய் எழுதுகிறவளுக்குக் கை நிலையாக இருக்காது. டீ ஊற்றும்போது டம்ளருக்குள் விரலை விட்டுக்கொண்டு ஊற்றினாள். "இதென்ன புதுப் பழக்கம், விரல் விட்ட டீயைக் குடிக்கணுமா நான்?" என்று எரிந்து விழுந்தேன். அவள் அந்த டம்ளரைத் தனக்கு எடுத்துக்கொண்டு, எனக்கு வேறு ஊற்றினாள். அதற்கும் விரலை விட்டாள். வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறாள் என்று நினைத்தேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் வேலையை விட்டதையும் இதோடு சேர்த்துக்கொண்டேன். ஒரு ஜெராக்ஸ் கடையில் பன்னிரண்டு வருடமாக டைப் அடித்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் வந்து "நின்னுட்டேன், உக்காந்து உக்காந்து இடுப்பு வலி" என்றாள். கடைக்காரனோடு ஏதோ சண்டை என்று எனக்குத் தோன்றியது. நேரே கடைக்கே போய்க் கேட்டேன். "அவங்களாத்தான் நின்னாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்றார் கடைக்காரர். அப்போதும் முழுசாக நம்பவில்லை.

நாலாவது வகுப்பில் சிஸ்டர் மிஷினைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். பக்கவாட்டில் இருக்கிற பொத்தானை அமுக்கினால் பழைய எண்கள் ஒவ்வொன்றாக, தேதியோடு, நேரத்தோடு வருமாம். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அழிக்க முடியுமா சிஸ்டர்?"

"எதுக்கு அழிக்கணும்?"

"நான் அழிக்கப்போறதில்ல. வேற யாராவது அழிக்க முடியுமான்னு கேட்டேன்."

சிஸ்டர் மிஷினைக் கீழே வைத்தார். "ஐயா, இந்த மிஷின் உடம்பைத் தெரிஞ்சுக்கத்தான். ஆளைப் பிடிக்க இல்ல" என்றார். பேக்கரிக்காரர் சிரித்தார். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் குளிக்கப் போனாள். அவளுடைய மிஷின் ஒரு நீலத் துணிப்பையில் இருக்கும். என்னுடையது புதுசு, தனி. பையை எடுத்து, பொத்தானை அமுக்கினேன். இருநூற்று எண்பத்தேழு. முந்நூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று அறுபத்துநான்கு. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. எல்லாம் நிஜ எண்கள், ஒன்றுகூட ஒழுங்காக முடியாத எண்கள். நோட்டைப் பக்கத்தில் வைத்துத் தேதிக்குத் தேதி பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வந்த அன்று அவள் எழுதியிருந்தது நூற்றுப் பத்து.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம். என் மனைவியின் ரத்தத்தில் முந்நூறு ஓடுகிறது, நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மேஜையைத் துடைத்து, நோட்டை ஒரு பக்கமும் மிஷினை ஒரு பக்கமும் வைத்து, எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

ஈரத் தலையில் துண்டோடு வந்தாள். "உக்காரு" என்றேன்.

"என்ன?"

"உக்காருன்னா உக்காரேன்."

உட்கார்ந்தாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு வாசித்தேன். "திங்கக்கிழமை காலை. நீ எழுதினது நூத்திப் பதினஞ்சு. மிஷின் சொல்றது இருநூத்தி எண்பத்தேழு. செவ்வாய். நீ எழுதினது நூத்திப் பத்து. மிஷின் சொல்றது முந்நூத்திப் பன்னெண்டு."

"அவ்வளவா?" என்றாள்.

நிஜமாகவே திடுக்கிட்ட குரல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அவ்வளவா? குத்தினது நீ, பார்த்தது நீ, எழுதினது நீ. யார்கிட்ட நடிக்கிற? டாக்டரை ஏமாத்தற, சரி. என்னை ஏமாத்தற, சரி. உன் கிட்னியை ஏமாத்த முடியுமா? இப்ப குத்து. என் கண் முன்னாடி குத்து. நீயே வாயால படி, நான் எழுதறேன்."

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். விரல் ஓரத்தில் குத்தினாள். பட்டையின் நுனியை இன்னொரு விரலால் தடவிப் பார்த்து, சொட்டை அதில் வைத்தாள். மிஷின் பீப் என்றது. நான் தேதியை எழுதப் போனேன். பேனா எழுதவில்லை. உதறினேன், எழுதவில்லை. "அப்படியே இரு, அசையாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பேனா தேடினேன். என் சட்டைப் பையில் இல்லை, மேஜை இழுப்பறையில் இல்லை. கடைசியில் அலுவலகப் பைக்குள் ஒன்று கிடைத்தது. திரும்பி வர நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். அவள் மிஷினைக் கையில் பிடித்தபடி, சொன்ன இடத்தில், சொன்னபடியே உட்கார்ந்திருந்தாள்.

"படி."

மிஷினை ஜன்னல் பக்கம் திருப்பினாள். கொஞ்சம் சாய்த்தாள். கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.

"நூத்தி இருபது" என்றாள்.

பொய்யை நேரிலேயே பிடிக்கலாம் என்று மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். திரையில் ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் தொடாமல் விட்டால் அந்த மிஷின் தானே அணைந்துவிடும். அணைந்து போயிருந்தது. வெறும் சாம்பல் நிறக் கண்ணாடியைப் பார்த்து என் மனைவி நூற்று இருபது என்று படித்திருக்கிறாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். கண்கள் திரையின் மேல் இல்லை. திரைக்குக் கொஞ்சம் பக்கத்தில், மேஜை விளிம்பில் இருந்தன. ஓரக்கண்ணால் எதையோ பிடிக்கப் பார்ப்பவளைப் போலத் தலையைச் சாய்த்திருந்தாள். எத்தனையோ பொய்யர்களைப் பார்த்திருக்கிறேன். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, என் எதிரிலேயே, அணைந்த மீட்டரில் எண் படித்தவன் ஒருவன் இல்லை. என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"மிஷின் அணைஞ்சு போச்சும்மா" என்றேன்.

அவள் மிஷினை மெதுவாக மேஜையில் வைத்தாள். துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"விசாரணை ஆரம்பிச்சாச்சா?"

"எந்தக் கண்ணு? ரெண்டுமா?"

"இடது கண்ணுல கறுப்பா இழை இழையா ஓடுது. வலதுல நடுவுல மட்டும் மங்கல். ஆளு தெரியும், எழுத்து தெரியாது. ஜெராக்ஸ் கடையில ஒருத்தரோட பேரையே தப்பா அடிச்சுட்டேன். அதான் நின்னேன்."

"ஆறு மாசம். ஆறு மாசமா என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள். என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

"முழங்கால் வலிக்குதுன்னு ஒரு தடவை சொன்னேன். எந்தக் காலு, எப்பலேர்ந்து, நேத்து மாடி ஏறுனியே, சந்தைக்குப் போனியேன்னு கேட்டீங்க. வலி போச்சோ இல்லையோ, சொல்ற ஆசை போச்சு. வேலையை விட்டேன்னு சொன்னேன். கடைக்கே போய் விசாரிச்சுட்டு வந்தீங்க. அந்த ஆளு எனக்கு போன் பண்ணி, என்னம்மா உங்க வீட்டுல பிரச்சினையான்னு கேட்டாரு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னா சாட்சியோட வரணும். எனக்குக் கண்ணு தெரியலைங்கறதுக்கு நான் எந்தச் சாட்சியைக் கொண்டுவர?"

"அதுக்காகப் பொய் நம்பரா எழுதுவ?"

"முதல்ல மங்கலா தெரிஞ்சுது. உத்தேசமா எழுதினேன். அப்புறம் அதுவும் தெரியல. காலியா விட்டா ஏன் காலின்னு கேப்பீங்க."

எனக்கு அடுத்த கேள்வி வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினேன். என் வகுப்பு நோட்டை எடுத்துப் புரட்டினேன். கண்ணைப் பற்றி நான் அடிக்கோடு போடாமல் எழுதி வைத்திருந்த வரி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. கறுப்பு நூல். திரை. அன்றைக்கே. சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று சிஸ்டர் நம்பர் கொடுத்திருந்தார், கொடுத்ததற்காக நொந்துகொண்டும் இருந்தார். கூப்பிட்டேன்.

"சொல்லுங்க, இன்னைக்கு என்ன சந்தேகம்?" என்றார்.

"சந்தேகம் இல்ல சிஸ்டர்" என்று ஆரம்பித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கண் ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரைச் சொல்லி, "தலையைக்கூட உலர்த்த வேண்டாம். அப்படியே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். பிறகு இருட்டறையில் வைத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நான் சுவரோரம் நின்றேன். அந்த அரை மணி நேரத்தில் நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்று என் மனைவி பிற்பாடு ஆச்சரியப்பட்டாள்.

"இடது கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. அதுல எவ்வளவு திரும்பி வரும்னு இப்ப சொல்ல முடியாது. வலதுல நீர் கோத்திருக்கு. ஊசி போட்டு, லேசர் வைச்சா அதைக் காப்பாத்தலாம். ஆனா சர்க்கரை இறங்கணும். இறங்கலைன்னா நான் என்ன செஞ்சாலும் நிக்காது." டாக்டர் விளக்கைப் போட்டார். "நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு வந்திருக்காது. உங்களுக்கே தெரிஞ்சிருக்குமேம்மா. ஏன் வரல?"

"கவனிக்காம விட்டுட்டேன் டாக்டர்" என்றாள் என் மனைவி.

அது பொய் என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். யாருக்காகச் சொன்ன பொய் என்றும் தெரியும். அவளைத் தப்பாக நினைக்காதீர்கள், சொல்ல விடாதவன் நான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் அவ்வளவு நீளும் நாக்கு அங்கே மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அடுத்த இரண்டு வாரத்தில் வலது கண்ணுக்கு ஒரு ஊசியும் லேசரும் ஆயின. சர்க்கரை டாக்டர் மாத்திரையோடு இன்சுலினும் ஆரம்பித்தார். ஒரு சின்ன அட்டையில் கணக்கு எழுதிக் கொடுத்தார். காலை எண் இவ்வளவு இருந்தால் இத்தனை யூனிட், அதற்கு மேல் போனால் இத்தனை. "எண்ணைத் தப்பாப் படிச்சு மருந்து கூடிப்போச்சுன்னா சர்க்கரை ஒரேயடியா இறங்கி மயக்கம் வந்துடும். ஆபத்து. குறைஞ்சுபோச்சுன்னா கண்ணு போகும். அதனால யார் படிக்கிறாங்களோ அவங்க கவனமா படிக்கணும்" என்றார். சிஸ்டர் என்னைத் தனியாக உட்கார வைத்து, இன்சுலின் பேனாவைத் திருகுவது எப்படி, வயிற்றில் எந்த இடத்தில் குத்துவது, தினமும் இடத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் கேள்வி கேட்டேன். இந்த முறை அவர் அலுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் காலை. மேஜையில் மிஷின், அட்டை, இன்சுலின் பேனா எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்து விரலை நீட்டினாள். அந்த விரலைப் பிடித்து நான் குத்தியது அதுதான் முதல் முறை. நுனி முழுக்கக் காய்த்துப் போயிருந்தது. ஒன்பது வருடத்தில் நான் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை, தழும்பை எண்ணித்தான் பார்த்திருக்கிறேன். சொட்டை வைத்தேன். மிஷின் பீப் என்றது.

"எவ்வளவு?"

"இருநூத்தி நாப்பத்தி மூணு."

எழுதினேன். அட்டையைப் பார்த்தேன். பேனாவைத் திருகி யூனிட் வைத்தேன். மறுபடி மிஷினைப் பார்த்தேன், மறுபடி அட்டையை, மறுபடி பேனாவை. நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அவளுக்கு அதுதான் எண். பேனாவில் எத்தனை வைத்தாலும் அவளால் பார்க்க முடியாது. நிஜமாவா என்று கேட்பாள், எத்தனை வச்சீங்க, சரியா வச்சீங்களா என்று கேட்பாள், கேட்டால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் நூறு தரம் கேட்டிருப்பேன்.

அவள் எதுவும் கேட்கவில்லை. துணியை விலக்கி வயிற்றைக் காட்டினாள்.

"சீக்கிரம் குத்துங்க, பசிக்குது" என்றாள்.